மூன்று நகல், ஒரே கூரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலும் சர்வர் வாங்கும் பேச்சை எடுத்தால் இப்போதெல்லாம் ஒரே பாட்டுதான். ஒற்றை சர்வர் வாங்குவது பழங்காலப் பழக்கம். மூன்று வாங்கிக் கிளஸ்டர் போடுங்கள். ஃபைல்கள் மூன்றிலும் நகலாக இருக்கும். ஒன்று போனாலும் வேலை நிற்காது. பேக்கப் தொல்லையும் தீர்ந்தது. விற்க வருகிறவர் ஓர் ஒப்பீட்டு அட்டவணையும் கொண்டுவருகிறார். மேல்வரிசையில் ஹடூப்பின் எச்டிஎஃப்எஸ், செஃப், க்ளஸ்டர்எஃப்எஸ், மினியோ, லஸ்டர். கீழே நொடிக்கு எத்தனை மெகாபைட், எத்தனை பெட்டாபைட் வரை வளரும், என்னென்ன வசதி. பச்சை டிக் அதிகம் வாங்கியது வெற்றி. பர்ச்சேஸ் மேனேஜருக்கும் இது பழகிய வேலை. மூன்று கொட்டேஷனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோலத்தான்.

அந்த அட்டவணையில் பொய் எதுவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான் அதில் இல்லை. பல கணினிகளில் பரப்பி வைக்கும் சேமிப்பு அமைப்புகளை ஒப்பிடுவதென்றால், அவை எப்படி உடைகின்றன, உடைந்தால் நம் காம்பவுண்டுக்குள் யார் அதைச் சரிசெய்யப் போகிறார் என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால் இந்தப் பகுதியின் பெரும்பாலான ஆலைகளுக்குக் கிடைக்கும் விடை அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் இருக்காது: கிளஸ்டரே வேண்டாம்.

இந்த அமைப்புகள் பிறந்த இடத்தைப் பார்த்தாலே பாதி மயக்கம் தெளியும். 2003-இல் கூகுள் தன் ஃபைல் சிஸ்டம் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. அவர்களிடம் இருந்தவை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மலிவு விலைக் கணினிகள். எந்த நேரமும் எங்காவது ஒரு டிஸ்க் செத்துக்கொண்டிருக்கும். அதை அன்றாட நடப்பாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். இணையத்தை அள்ளிக் கொட்டிய மாபெரும் ஃபைல்களை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று இடத்தில் வைத்தார்கள். அதைப் பார்த்து 2006-இல் ஹடூப் வந்தது. அதே ஆண்டில், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் நடத்திய ஆய்விலிருந்து செஃப் வெளியுலகுக்கு வந்தது. லஸ்டர் சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கென்றே எழுதப்பட்டது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய குறிப்பிட்ட தலைவலிக்கான மருந்து. அந்தத் தலைவலி நமக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்துகளின் வீரியத்தை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்று நகல் என்ற எண்ணும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் எச்டிஎஃப்எஸ்ஸில் அந்த எண்ணோடு ஒரு விதியும் சேர்ந்து வரும்: மூன்று நகலும் ஒரே ரேக்கில் இருக்கக் கூடாது, ஒன்றாவது வேறு ரேக்கில் இருக்க வேண்டும். ரேக்குக்கு மின்சாரம் போனாலோ அதன் ஸ்விட்ச் செத்தாலோ தப்பிக்க அதுதான் வழி. கும்மிடிப்பூண்டிக்கு எண் மட்டும் வந்து சேர்ந்தது. மூன்று சர்வரும் ஒரே ரேக்கில், ஒரே யூபிஎஸ்ஸில், ஒரே ஸ்ப்ளிட் ஏசிக்குக் கீழே.

முதலில் நம்மிடம் எவ்வளவு டேட்டா இருக்கிறது? கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லை எடுத்துக்கொள்வோம். உலையிலும் ஸ்டாண்டுகளிலும் மோட்டார்களிலும் சேர்த்து 500 சென்சார்கள், நொடிக்கு ஒரு ரீடிங், ரீடிங்குக்கு 16 பைட் என்று தாராளமாகவே வைத்தாலும் நாளுக்கு 690 எம்பிதான். ஆண்டு முழுக்க ஓடினால் 250 ஜிபி. வேபிரிட்ஜில் நாளுக்கு 200 லாரி, லாரிக்கு நான்கு படம், படத்துக்கு அரை எம்பி என்றால் நாளுக்கு 400 எம்பி. ஆண்டுக்கு 146 ஜிபி. ஸ்பெக்ட்ரோமீட்டர் அறிக்கை, இன்வாய்ஸ், ஈஆர்பி, டிராயிங் எல்லாம் சேர்த்து இன்னும் சில நூறு ஜிபி என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஒரு டெராபைட்டைத் தொடாது. பத்தாண்டுக் கணக்கையும் இன்று கடையில் கிடைக்கும் ஒரே ஒரு 20 டெராபைட் டிஸ்க்கில் போட்டு, பாதி இடத்தைக் காலியாகவும் வைத்திருக்கலாம்.

அப்படியானால் ‘நூறு டெராபைட் வேண்டும்’ என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? அநேகமாக சிசிடிவியிலிருந்து. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 43 ஜிபி. 64 கேமராவுக்கு 2.7 டெராபைட்டுக்கு மேல். முப்பது நாள் வைத்திருந்தால் 83 டெராபைட். தேவை மலைபோல் தெரிவதற்கு இந்த ஒன்றுதான் காரணம். முப்பது நாளில் தானாக அழியப்போகிற, எவரும் திரும்பிப் பார்க்காத காட்சிகளுக்கு மூன்று நகல் எதற்கு? கேமராவோடு வரும் என்விஆர் பெட்டியே அதற்குப் போதும். அதைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால் கிளஸ்டருக்கான வாதத்தில் முக்கால்வாசி சரிந்துவிடும்.

சரி, தேவையில்லாவிட்டாலும் வாங்கி வைத்தால் பாதுகாப்புதானே என்பார்கள். இங்கேதான் நின்று பேச வேண்டியிருக்கிறது. மூன்று சர்வர் கிளஸ்டரின் ஏமாற்று வேலை முழுவதும் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

செஃப்பை எடுத்துக்கொள்வோம். இந்த வரிசையில் தொழில்நுட்ப ரீதியாக நான் மிகவும் மதிப்பது அதைத்தான். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நகல், மூன்றும் மூன்று வெவ்வேறு சர்வரில். குறைந்தது இரண்டு நகலாவது உயிரோடு இருந்தால்தான் எழுதவும் படிக்கவும் விடும். இப்போது ஒரு சர்வர் போகிறது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அது திரும்பாது என்று முடிவுகட்டி, அதிலிருந்த நகல்களை வேறு சர்வரில் புதிதாக உருவாக்க வேண்டும். செஃப்பின் பெருமையே தானாகக் குணமாகும் இந்தத் திறமைதான். ஆனால் மூன்றே சர்வர் இருக்கும்போது வேறு சர்வர் ஏது? மீதி இரண்டிலும் ஏற்கெனவே ஒவ்வொரு நகல் இருக்கிறது. ஆகவே எதுவும் நடக்காது. போன சர்வர் திரும்பி வரும்வரை கிளஸ்டர் இரண்டு நகலோடு நொண்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இரண்டாவது சர்வரும் தடுமாறினால் ஆலையின் ஃபைல்கள் அத்தனையும் அப்படியே உறைந்துவிடும். அட்டவணையில் ‘தானாகக் குணமாகும்’ என்ற வரிக்கு எதிரே இருக்கும் பச்சை டிக், நான்காவது சர்வர் வாங்கியவர்களுக்கு மட்டுமே செல்லும். இதை எந்தக் கொட்டேஷனும் சொல்வதில்லை.

சர்வர் போகாமல் ஒரு டிஸ்க் மட்டும் போனால்? அது இன்னும் மோசமான கணக்கு. ஒவ்வொரு சர்வரிலும் நான்கு டிஸ்க், எல்லாம் 70 சதவீதம் நிரம்பியிருக்கின்றன என்று வையுங்கள். யாருக்கும் கவலை தராத அளவுதான். ஒரு டிஸ்க் செத்ததும் அதன் பங்கை அதே சர்வரின் மீதி மூன்றும் சுமக்க வேண்டும், ஏனென்றால் மற்ற சர்வர்களில் வேறு நகல் உண்டு. 280-ஐ மூன்றால் வகுத்தால் 93. செஃப் 85 சதவீதத்தில் எச்சரிக்கும், 90-இல் மறுகட்டுமானத்தை நிறுத்தும், 95-இல் எழுதுவதையே நிறுத்திவிடும். ஆக 70 சதவீதத்தில் நிம்மதியாக இருந்த கிளஸ்டர், ஒரே ஒரு டிஸ்க் சாவதால் பாதிக் குணத்தோடு நின்றுவிடும். பயமில்லாமல் இருக்க வேண்டுமானால் 63 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது. நூறு டெராபைட் ஃபைலுக்கு மூன்று நகல் 300. அதை 63 சதவீதத்துக்குள் அடக்க 475 டெராபைட்டுக்கு மேல் டிஸ்க் வாங்க வேண்டும். கொட்டேஷனில் 300 என்றுதான் இருக்கும்.

இதைச் சொன்னால் உடனே வேறு துருப்பு வரும்: இரேஷர் கோடிங். நகல் எடுக்காமல், ஃபைலை நான்கு துண்டாக்கி, இரண்டு சரிபார்ப்புத் துண்டு சேர்த்து ஆறாக வைப்பது. மூன்று மடங்கு செலவு ஒன்றரை மடங்காகக் குறையும். எச்டிஎஃப்எஸ்ஸும் 2017 இறுதியில் வந்த ஹடூப் 3.0 முதல் இந்த முறையைத் தருகிறது. அருமையான கணிதம், மறுக்கவில்லை. ஆனால் ஆறு துண்டை ஆறு வெவ்வேறு சர்வரில் வைத்தால்தான் அந்தக் கணிதம் நமக்குத் துணை நிற்கும். மூன்று சர்வரில் இதைத் திணிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. ‘துண்டுகள் வேறு வேறு சர்வரில் இருக்க வேண்டும்’ என்ற விதியை ‘வேறு வேறு டிஸ்க்கில் இருந்தால் போதும்’ என்று தளர்த்திவிடுவார்கள். திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். ஏதோ ஒரு ஃபைலின் மூன்று துண்டுகள் ஒரே சர்வரில் விழுந்திருக்கும். இழக்க அனுமதி இருப்பதோ இரண்டு. அந்த சர்வரை ரீபூட் செய்யும் நாளில்தான் இது தெரியவரும். செலவு குறைந்த மாதத்தில் பாராட்டு வாங்கியவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

“ஒரு சர்வர் போனாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது சார்” என்பது இந்த வியாபாரத்தின் மந்திர வாக்கியம். உண்மைதான், தெரியாது. வேலை தடையில்லாமல் நடக்கும். எச்சரிக்கை மெயில், வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒற்றை சர்வர் செத்தால் டிஸ்பேட்ச் கிளார்க் ஐந்தாவது நிமிடம் கத்துவார். அந்தக் கத்தல் இலவசமாகக் கிடைக்கும் அலாரம். கிளஸ்டர் அந்த அலாரத்தை அணைத்துவிடுகிறது. அதன் இடத்தில் தினமும் ஒருவர் திரையைப் பார்க்க வேண்டும், பார்ப்பது புரியவும் வேண்டும். நம் ஆலைகளில் அந்த ஒருவர் யார்? பிரிண்டரும் பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸும் வேபிரிட்ஜ் கணினியும் எம்டியின் செல்போனும் பார்த்துக்கொள்ளும் அதே ஐடி தம்பிதான்.

இடத்தின் தன்மையையும் சேர்த்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி என்றால் இன்டக்‌ஷன் ஃபர்னஸும் ரோலிங் மில்லும். பெரிய உலைகள் சுமை ஏற்றி இறக்கும்போது அக்கம்பக்கத்து வோல்டேஜ் ஆடும். ஈபி போய் ஜென்செட் எடுப்பதற்குள் யூபிஎஸ் பேட்டரியின் உண்மை வயது தெரிந்துவிடும். காற்றில் இரும்புத் தூசி; பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து உப்பு. இதெல்லாம் எந்த சர்வருக்கும் பகைதான். ஆனால் ஒற்றை சர்வர் அணைந்து எரிந்தால் பூட் ஆகித் தன் வேலையைப் பார்க்கும். கிளஸ்டர் அப்படியில்லை. நான்கு சர்வர் இருக்கிற இடத்தில் ஒன்று கால் மணி நேரம் அணைந்திருந்தாலே, பத்தாவது நிமிடத்தில் மற்றவை டெராபைட் கணக்கில் நகல் எடுக்கத் தொடங்கிவிடும். ஆலையின் நெட்வொர்க் இன்னும் ஒரு கிகாபிட் ஸ்விட்ச்சில் ஓடினால், ஒரு 18 டெராபைட் டிஸ்க்கின் உள்ளடக்கத்தை நகர்த்த 45 மணி நேரம் ஆகும்; ஈஆர்பி அந்த இரண்டு நாளும் தவழும். பராமரிப்புக்காக அணைப்பதென்றால் முன்கூட்டியே நகல் எடுப்பதைத் தடுத்து வைக்கும் கட்டளை உண்டு. அது தெரிந்தவர் அன்று ஷிஃப்டில் இருக்க வேண்டும். கிளஸ்டரின் காவல் சர்வர்கள் தங்களுக்குள் கடிகாரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் முறையிடத் தொடங்கும். நேரத்தை இணையத்திலிருந்து வாங்குகிற ஆலையில், ரோடு வேலைக்காரர்கள் ஃபைபரை வெட்டிய சில நாளில் அந்தப் புகாரும் வரும். டிஸ்க் விலையைச் சேமிக்கிறோம் என்று சாதாரண எஸ்எஸ்டி போட்டிருந்தால் வேகமும் கிடைக்காது. மின்சாரம் போகும் கணத்தில் கையிலிருப்பதை எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டிகளில்தான் செஃப் ஓடும் வேகம் அட்டவணையில் போட்டிருக்கும் வேகம்.

வேகத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அட்டவணையில் இருக்கும் எண் பெரிய ஃபைலை ஆரம்பம் முதல் கடைசிவரை நேராகப் படித்த வேகம். ஆலையில் நடப்பது லட்சக்கணக்கான குட்டி ஃபைல்களைத் தேடுவதும் திறப்பதும். எச்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஃபைலும் அதன் துண்டும் தலைமைக் கணினியின் மெமரியில் சுமார் 150 பைட் வீதம் பிடிக்கும். ஃபைல் எவ்வளவு சிறிதானாலும் அதே வாடகை. அதில் இருக்கும் ஃபைலைத் திறந்து நடுவில் திருத்தவும் முடியாது. டிராயிங் ஆஃபீஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. க்ளஸ்டர்எஃப்எஸ்ஸில் ஆயிரக்கணக்கான படங்கள் கொண்ட ஒரு ஃபோல்டரைப் பட்டியலிடச் சொல்லிவிட்டு டீ குடித்து வரலாம். அட்டவணையில் வேகத்துக்கு முதலிடம் வாங்கும் லஸ்டரோ, டிஸ்க் சாவதற்கான காப்பைப் பெரும்பாலும் தனக்குக் கீழே உள்ள ரெய்டு அமைப்பிடமே விட்டுவிடும்.

இதையெல்லாம் விட ஆபத்தானது ‘நகல் இருந்தால் பேக்கப் வேண்டாம்’ என்ற நம்பிக்கை. நகல் செய்வது ஒன்றே: ஒரு இடத்தில் நடந்ததை மூன்று இடத்திலும் நடத்துவது. அழித்தால் மூன்றிலும் அழியும். ரான்சம்வேர் பூட்டினால் மூன்றிலும் பூட்டும். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், லஸ்டர் சேமிப்பிலிருந்து 77 டெராபைட், ஏறத்தாழ 3.4 கோடி ஃபைல்கள் அழிந்தன. டிஸ்க் ஒன்றும் பழுதாகவில்லை. பேக்கப் எடுக்க வேண்டிய ஸ்கிரிப்ட்டைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழையில், அது பழைய லாகுகளோடு ஆய்வாளர்களின் ஃபைல்களையும் அழித்துக்கொண்டே போனது. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் நான்கின் ஃபைல்கள் மீளவே இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் ஆவணங்களை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பு, 858 டெராபைட், எரிந்தது. அளவு மிகப் பெரிது என்பதாலேயே அதற்கு வெளியே பேக்கப் இல்லை.

வாகன உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை 2023 ஆகஸ்ட் 29-இல் நடந்தது. டொயோட்டா ஜப்பானில் தன் 14 அசெம்பிளி ஆலைகளையும் நிறுத்தியது. இரண்டு நாள் முன்பு வழக்கமான பராமரிப்பு நடந்தது. டேட்டாபேஸைச் சுத்தம் செய்யும் வேலையில் டிஸ்க் இடம் போதாமல் போய், உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்கள் நின்றன. மாற்று சர்வர் இருந்தது. அது அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. நிறுவனமே தந்த விளக்கம் இது. உலகுக்கே உற்பத்தி ஒழுங்கைக் கற்றுத்தந்த நிறுவனத்திடம் இருந்ததும், கும்மிடிப்பூண்டி ரேக்கில் இருப்பதும் ஒரே வகைத் துணை: ஒருவன் எதனால் விழுகிறானோ அதனாலேயே கூட விழும் துணை.

நம் வட்டாரத்துக்குத் தண்ணீரும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்தபோது தரைத்தளத்தில் இருந்த இயந்திரங்கள் மூழ்கின. அந்த உயரத்துத் தண்ணீருக்கு முதல் நகல், மூன்றாம் நகல் என்ற வித்தியாசம் கிடையாது. சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவு. கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022-இல் வந்த திருத்தப்படி கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகங்களுக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் இருக்க வேண்டும். அதே ரேக்கில் ஒரே நேரத்தில் எழுதப்படும் மூன்றாவது நகலைக் காட்டி அதுதான் பேக்கப் என்று ஆடிட்டரிடம் சொல்லிப் பாருங்கள்.

மென்பொருளின் ஆயுள் என்று ஒரு வரியையும் அட்டவணையில் காணோம். க்ளஸ்டர்எஃப்எஸ்ஸின் பின்னால் இருப்பவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. அவர் இணைந்து நிறுவிய நிறுவனத்தை 2011-இல் ரெட் ஹேட் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவரின் சாதனை என்று நாம் மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அதை அடித்தளமாகக் கொண்ட ரெட் ஹேட்டின் சேமிப்புத் தயாரிப்புக்கு 2024 டிசம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது. அவரே பிறகு இணைந்து தொடங்கிய மினியோ 2021-இல் உரிமத்தை மாற்றியது. 2025-இல் இலவசப் பதிப்பின் நிர்வாகத் திரையிலிருந்து முக்கிய வசதிகளை எடுத்துவிட்டது. நிறுவனங்கள் தங்கள் வியாபாரத்தைப் பார்க்கின்றன, அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நம் பக்கத்துக் கணக்கு வேறு. ஐஏடிஎஃப் 16949 தரச்சான்று வைத்திருக்கும் ஆலை, ஒரு பாகத்தின் ஒப்புதல் ஆவணங்களை அந்தப் பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்குமேல் ஓர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும். ஒரு டிரக்கின் பாகத்துக்கு அது இருபது ஆண்டைத் தொடலாம். இருபது ஆண்டு கழித்து அந்த ஃபைலைத் திறக்க, செத்துப்போன ஒரு கிளஸ்டர் மென்பொருளை உயிர்ப்பிக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது. ஒற்றை டிஸ்க்கில் சாதாரண ஃபைலாக இருந்தால் எந்த லினக்ஸ் கணினியிலும் மாட்டிப் படித்துவிடலாம். துண்டாக்கிப் பன்னிரண்டு டிஸ்க்கில் சிதறடித்ததை அப்படி மாட்டிப் படிக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை இதுவரை தள்ளிவைத்திருந்தேன். ஒற்றை சர்வரின் மதர்போர்டு போய்விட்டால்? ரிச்சி தெருவுக்கு ஆள் ஓடி, போர்டு கிடைத்து, பொருத்தி முடிக்க ஒரு நாள், இரண்டு நாள். அதுவரை டிஸ்பேட்ச் நிற்கும். ஜஸ்ட்-இன்-டைமில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பாகம் அனுப்புகிறவருக்கு அது அபராதம். இது நியாயமான பயம். ஆனால் இந்தப் பயத்துக்கு மருந்து இரண்டாவது பெட்டி. மூன்று பெட்டியைப் பிணைத்துப் போடும் கிளஸ்டர் வேண்டியதில்லை. இசட்எஃப்எஸ் போன்ற, ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கும் ஃபைல் அமைப்போடு ஒரு பெட்டி. எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பில். மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட். அதே மாதிரி இன்னொரு பெட்டி வேறு கூரையின் கீழே: சென்னைத் தலைமை அலுவலகத்திலோ, காக்களூர் யூனிட்டிலோ. நாளுக்கு இரண்டு ஜிபி மாறுகிற ஆலைக்கு அந்த வித்தியாசத்தை 50 மெகாபிட் இணைப்பில் அனுப்ப ஆறு நிமிடம் கூட ஆகாது. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. இரண்டாவது பெட்டிதான் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டையும் முதல் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பெட்டிக்கு இரண்டாவதன் பாஸ்வேர்டு தெரிந்திருக்கவே கூடாது. ரான்சம்வேர் புகுந்தால் அது நிற்க வேண்டிய வாசல் அதுதான். முதல் பெட்டி செத்தால் கடைசி ஒரு மணி நேர வேலையை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தின் விலையையும் கிளஸ்டரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒப்பீட்டு அட்டவணை போட இது நல்ல இடம்.

‘டேட்டா வளருமே’ என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. டிஸ்க்கின் கொள்ளளவும் வளர்ந்துகொண்டே வருகிறது; நாளைய டெராபைட்டை இன்றைய விலையில் வாங்கி வைக்க ஒரு காரணமும் இல்லை. கிளவுடுக்கும் அதே சோதனைதான்: வேறு கூரை என்பது அதன் பலம், இணைப்பு அறுந்தால் வேலை நிற்கும் என்பது பலவீனம். இரண்டாவது பெட்டிக்கு அது பொருத்தமான இடம்.

உண்மையாகவே கிளஸ்டர் தேவைப்படுகிறவர்கள் இந்த வட்டாரத்திலும் உண்டு. வெட்டிக் கடையும் பாகம் ஒவ்வொன்றையும் கேமராவில் சோதிக்கும் லைனில், பாகத்துக்கு நான்கு படம், படத்துக்கு 5 எம்பி, நாளுக்கு பத்தாயிரம் பாகம் என்றால் தினமும் 200 ஜிபி. முந்நூறு வேலை நாளில் 60 டெராபைட். வாடிக்கையாளர் அத்தனை படத்தையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கச் சொன்னால், இயந்திரக் கற்றலுக்கு அவற்றைத் திரும்பத் திரும்பப் பல கணினிகள் படிக்க வேண்டுமென்றால், ஒரு பெட்டி போதாது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்களில் இடம் வாங்கி நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குச் சேமிப்பு விற்கிறவர்களும் இப்படித்தான். செஃப்பை அவர்கள் தேர்ந்தெடுத்தால் கை தட்டுவேன். 2018 முதல் பல நிறுவனங்கள் சேர்ந்து தாங்கும் அறக்கட்டளை அதற்கு இருக்கிறது. ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வகம் 2013-இலிருந்து அதை ஓட்டிவருகிறது. ஆனால் அவர்களிடம் 24 மணி நேரமும் ஷிஃப்ட் போட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஆலை அந்தப் பாதையில் போவதானால் ஐந்து சர்வருக்குக் குறையாமல், 10 கிகாபிட் தனி நெட்வொர்க்கோடு, பயிற்சி பெற்ற இருவரோடு போக வேண்டும். ஒருவர் போதாது. ஒருவர் என்றால் அவருடைய தங்கை கல்யாணத்தன்றுதான் கிளஸ்டர் விழும்.

இன்னும் அட்டவணையைத்தான் நம்புவேன் என்பவர்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஆலை ஓடாத ஒரு ஞாயிறு. விற்றவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், விசைப்பலகையைத் தொட மாட்டார். ஐடி தம்பி ஒரு சர்வரின் பவர் கார்டை உருவுவார். அரை மணி கழித்து இன்னொரு சர்வரிலிருந்து ஒரு டிஸ்க்கை இழுப்பார். பிறகு வேண்டுமென்றே ஒரு ஃபோல்டரை அழிப்பார். இவை மூன்றையும் விற்றவர் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் வைத்துக்கொண்டு, திங்கள் காலை ஏழு மணி ஷிஃப்டுக்குள் ஐடி தம்பியே பழைய நிலைக்குக் கொண்டுவந்தால், பில் தொகையின் கடைசி இருபது சதவீதம் அன்றே பட்டுவாடா. இந்த நிபந்தனையைப் படித்த பிறகு கொட்டேஷன் திருத்தி வருகிறதா, எத்தனை சர்வரோடு வருகிறது என்று பாருங்கள்.